மறைவுத் தேதி உரிந்துபோன தருமன்

தருமன் இறந்த மூன்றாவது மாதத்தில் அவனுக்குத் தாடி வளர்ந்தது. ஒரே நாளில் அல்ல, ஆம்பளைகளுக்கு எந்த வேகத்தில் வளருமோ அந்த வேகத்தில்தான் வளர்ந்தது. முதலில் பார்த்தவன் அவனுடைய கூட்டாளி வேலு. ஆரணி கோட்டை மைதானத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, பின் மட்கார்டில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்த தருமனின் முகத்தைத் துணியால் துடைத்தான். புழுதி போயிற்று, கன்னத்துக் கருப்பு போகவில்லை. கிரீஸாக இருக்கும் என்று மண்ணெண்ணெய் தொட்டும் துடைத்துப் பார்த்தான். அப்புறம் மற்ற கூட்டாளிகளின் வண்டிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். எல்லா வண்டியிலும் தருமன் அதே அளவு தாடியோடு இருந்தான். அந்த வாரம் ஆரணியில் வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்றது. ஊரில் இரண்டைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள், வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

காரணம் திரிசலாவின் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் நடந்த ஒரு சின்னப் பிழை. அதை அவளும் மறைக்கவில்லை, ஊரும் மறக்கவில்லை. காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் ஒற்றை ஷட்டர் கடை அது. உள்ளே ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் ஒன்று, டி-ஷர்ட்டில் எழுத்தைச் சூடு வைத்து அழுத்துகிற மெஷின் ஒன்று. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் போடுகிற சட்டை, கபடி டீமுக்கு நம்பர் போட்ட சட்டை, அன்னதானத்தில் சாம்பார் ஊற்றுகிறவர்களுக்குச் சட்டை, ஷேர் ஆட்டோவின் கண்ணாடிக்குப் பிள்ளைகளின் பெயர், வக்கீல் வீட்டுக் கார் ஓட்டுகிறவனின் சொந்த பைக்குக்கு வக்கீல் ஸ்டிக்கர், எல்லாம் அங்கேதான். கடையைத் தொடங்கியவன் அவள் கணவன் ஜினகுமார். மெஷின்களை வாங்கி, அவளுக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனிக்கு மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், மெஷினைத் துடைப்பான், வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்பான், போய்விடுவான். கழுத்து வலி திரிசலாவோடு தங்கிவிட்டது.

ஸ்டிக்கரை மெஷின் செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷின் எழுத்தின் ஓரத்தைக் கீறிக் கொடுக்கும், அவ்வளவுதான். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை ஊசியால் கிளப்பி உரித்தெடுக்க வேண்டியது மனுஷக் கை. தமிழ் எழுத்தில் சுழி அதிகம், ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு பொட்டு உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு பொட்டையும் குனிந்து எடுக்க வேண்டும். சேத்துப்பட்டு ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லரில் மோதி தருமன் செத்தபோது, கூட்டாளிகள் வந்து, காரியத்தன்று ஆளுக்கு ஒன்று வண்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். முகம் வேலூரில் கலரில் அச்சாகி பஸ் பார்சலில் வந்தது. கீழே பெயர், தோற்றம், மறைவு என்று எழுத்து வெட்டுவது திரிசலாவின் வேலை. அன்றைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சாயங்காலம் கரண்ட் வந்தபோது பொழுது சாயக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. திரிசலா நயினார் வீட்டுப் பெண், சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டாள். மதியமும் சாப்பிடவில்லை. பிளேடு வேறு மழுங்கியிருந்தது, பொடி எழுத்து சரியாக வெட்டுப்படவில்லை. பசியில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கழிவோடு சேர்ந்து கடைசி வரியும் வந்துவிட்டது. அடுத்ததையும் அப்படியே இழுத்தாள். எல்லாவற்றையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டு, சூரியன் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடித் தயிர்ச்சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காரியம் முடிந்து, வண்டிகள் வரிசையாக ஊரைச் சுற்றி வந்தபிறகுதான் தருமனின் தாய்மாமன் உரக்கப் படித்துப் பார்த்து, ஒரு வரி குறைகிறது என்றார். வேலு கடைக்கு வந்தான்.

"இன்னாக்கா இது? பொறந்த தேதி கீது, செத்த தேதியக் காணோம். பார்க்கறவன் பர்த்டேன்னு நெனச்சிக்கப் போறான்."

திரிசலா அன்றே மறைவு வரியைத் தனியாக வெட்டி, சுத்தமாக உரித்து, வண்டி வண்டியாகப் போய்த் தன் கையாலேயே ஒட்டினாள். ஒட்டியது எதுவும் நிற்கவில்லை. அழுத்தித் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால், காய்ந்த இலை மாதிரிக் கீழே விழுந்தது. வேறு ரோலில் வெட்டினாள், அதுவும் விழுந்தது. தருமனின் அம்மா பச்சையம்மாள் வீட்டு பீரோவில் ஒன்று ஒட்டியிருந்தார்கள், அங்கேயும் போனாள். பச்சையம்மாள் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறவள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் நின்று, வரி விழுவதை இரண்டு தரம் பார்த்தாள்.

"வுட்டுடும்மா," என்றாள். "அது இல்லாட்டிப் போவுது."

அதற்கப்புறம்தான் தாடி வளர்ந்தது. தருமனுக்கு மறைவு என்று ஒன்று எழுதப்படாததால் அவன் வேறெங்கோ வாழ்ந்துகொண்டே இருந்தான் என்று ஊர் புரிந்துகொண்டது. அடுத்த ஆடியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தான். திருவண்ணாமலையா மேல்மலையனூரா என்று கூட்டாளிகள் பந்தயம் கட்டினார்கள். முடி மறுபடி வளர்ந்து, ஒரு தரம் புருவத்தில் பிளாஸ்திரி வந்து, அதுவும் ஆறியது. மூன்றாம் வருஷம் அவன் கழுத்தில் ஒரு நீலப் பட்டை தெரிந்தது. கம்பெனி ஐடி கார்டு மாட்டுகிற பட்டை என்பது ஆரணியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செய்யாற்றுப் பக்கம் என்றான் ஒருவன், இல்லை ஸ்ரீபெரும்புதூர் என்றான் இன்னொருவன். வேலுவும் அப்போது கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தான். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வேறு வேறு கம்பெனிகளின் வாசலில் நின்று, நீலப் பட்டை போட்டவர்களின் முகத்தையெல்லாம் ஒரு மாதம் பார்த்தான். தருமன் அதில் இல்லை. செத்தவனுக்கு வேலை கிடைத்ததைப் பற்றி வேலை கிடைக்காத இரண்டு பேருக்கு உள்ளூர வருத்தமும் இருந்தது.

வேலை கிடைத்தபிறகு தருமன் இளைத்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. நைட் ஷிப்ட் பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்பது பச்சையம்மாளுக்குத் தெரியும், அவள் தெருவில் வீட்டுக்கு ஒருவன் அப்படித்தான் இருந்தான். பீரோவுக்கு முன்னால் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். முட்டை வைத்தாள். அவன் அப்படியே இருந்தான், சோறு ஆறிப்போனது. பச்சையம்மாளுக்கு மகன் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை, அவள் அவ்வளவு ஆசைப்படுகிறவள் அல்ல. ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் அவன் கையில் சேர்க்க வேண்டும், அது அவள் கொடுத்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் திரிசலாவின் கடையில் வந்து உட்கார்ந்து அதைத்தான் சொல்வாள். திரிசலா குனிந்து பொட்டு எடுத்துக்கொண்டே கேட்பாள். பதில் சொல்லத் தெரியாத பேச்சைக் கேட்பதும் ஒரு வேலைதான், அதற்கும் உடம்பு வலிக்கும்.

சேதி பரவியதும் மற்ற ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தேசூரிலிருந்து, கலசப்பாக்கத்திலிருந்து, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் போட்டோவோடு வந்து, மறைவு வரியை விட்டுவிடச் சொன்னார்கள். வேண்டாம், நடக்காது என்றாள் திரிசலா. காலில் விழ வந்தார்கள், வரியை விட்டு வெட்டிக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேண்டுமென்று விட்ட வரிக்கு அந்தச் சக்தி இல்லை. படத்தில் இருந்த பிள்ளைகள் இருந்த வயசிலேயே இருந்து, வெயிலில் வெளுத்தார்கள். அம்மாக்கள் திரும்பி வந்து, மனசு வைத்துச் செய்யவில்லை என்று திட்டினார்கள். ஒருத்தி திட்டவுமில்லை, மகனின் ஸ்டிக்கரை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்க புள்ள இன்னா பாவம் பண்ணான் என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்குத் திரிசலா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதாள். அழுது முடித்து, வாலிபால் டீமுக்குப் பாக்கியிருந்த நம்பர்களை அழுத்தினாள்.

அதற்கு மறுவருஷம் வைகாசியில் தருமனின் கன்னத்தில் சந்தனமும் நெற்றியில் குங்குமமும் தோளோரத்தில் மல்லிகை மாலையின் விளிம்பும் தெரிந்தன. கல்யாணம் நடந்திருக்கிறது. தாய்மாமன் தன் மகளைத்தான் அவனுக்கு என்று நினைத்திருந்தவர். இறந்தவன் வெளியில் பெண் எடுத்தது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அக்கா வீட்டோடு பேச்சை நிறுத்தினார், இரண்டு பொங்கலுக்கு வரவில்லை. பச்சையம்மாள் கேசரி கிண்டிக் கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுத்தாள். திரிசலாவுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் கட்டிக்கினான்மா. எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"சொல்ல வழி இருந்தா சொல்லியிருப்பாரும்மா."

"வழி அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பொண்ணு எப்படி இருப்பாளோ. நல்லா பார்த்துக்கினா சரி."

வருஷங்கள் போயின. ரேடியம் தாளின் ஆயுசு கொஞ்சம்தான். வெயிலில் நின்ற வண்டிகளில் தருமன் ஓரம் சுருண்டு, வெடித்து, உதிர்ந்தான். சில வண்டிகள் எக்ஸ்சேஞ்சில் போயின. ஒருவன் மனைவி, செத்தவன் மூஞ்சியை வைத்துக்கொண்டு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாதே என்று சொல்லி உரிக்கவைத்தாள். பழைய பைலிலிருந்து திரிசலா புதிதாக அச்சடிக்க வைத்துப் பார்த்தாள். அதில் வந்தவன் இருபத்துச் சொச்சம் வயசு தருமன், சிரித்துக்கொண்டு, எதுவும் நடக்காதவன். அதைக் கிழித்துப் போட்டாள். கடைசியில் வேலுவின் வண்டியில் ஒன்று, பச்சையம்மாளின் பீரோவில் ஒன்று என்று இரண்டுதான் மிஞ்சின. இரண்டிலும் தருமனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. வேலுவுக்கும் அப்படித்தான்.

திரிசலாவும் ஓய்ந்துபோயிருந்தாள். போனிலேயே சட்டைக்கு ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கு வருகிற காலம் வந்துவிட்டது. ஒரு சட்டை இரண்டு சட்டை வேண்டுமென்றால்தான் இவளிடம் வந்தார்கள், வந்து பத்துச் சட்டை விலையைப் பேசினார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணாடி போட்டும் பொட்டு தெரியவில்லை. காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் பில் போடும் வேலை இருந்தது, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. பொங்கலோடு காலி செய்துவிடுகிறேன் என்று கட்டிட ஓனரிடம் சொல்லிவிட்டாள். சொன்ன அன்று, ரொம்ப நாளைக்கு அப்புறம் படுத்ததும் தூங்கினாள்.

மார்கழியில் பச்சையம்மாள் வந்தாள். செவ்வாய்க்கிழமை இல்லை. களத்திலிருந்து நேராக வந்திருந்தாள், புருவமெல்லாம் தவிடு.

"புள்ள பொறந்துருக்குதும்மா. சின்னக் கை ஒண்ணு அவன் காலரப் புடிச்சிகினு கீது. கையி மட்டுந்தான் தெரியுது, முழங்கை வரைக்கும். மேலுக்குத் துணி ஒண்ணுமே இல்ல. இந்தப் பனியில."

திரிசலா ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொக்கா போட்டுக் குடு," என்றாள் பச்சையம்மாள். "உன் கையால பண்ணதுதான் அவன் இருக்கற பக்கம் போவுது. சோறு போவல, முட்ட போவல. ஸ்டிக்கரு போச்சில்ல?"

அது தெரியாமல் நடந்தது, தெரிந்து செய்தால் நடக்காது, எத்தனை அம்மாக்களுக்குச் செய்து பார்த்தாகிவிட்டது என்று சொல்ல திரிசலா வாயெடுத்தாள். பச்சையம்மாள் அந்தச் சின்னக் கையின் நீளத்தைத் தன் முன்கையில் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். திரிசலா கடையில் மிச்சமிருந்த குழந்தைச் சட்டைகளைக் காட்டினாள். பச்சையம்மாள் கிளிப்பச்சையில் முழுக்கை ஒன்றை எடுத்தாள்.

"பேர் இன்னாம்மா போடறது?"

"தெரியலியே."

"பையனா, பொண்ணா?"

"கைய வச்சி எப்படிச் சொல்றது."

"ஏதாவது போட்டாத்தான்மா நம்ம கடைச் சட்டை. வெறும் சட்டைன்னா பஜார்லயே கிடைக்கும்."

பச்சையம்மாள் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"ஆயான்னு போடு," என்றாள். "அப்பனப் பெத்தவ ஒருத்தி கீறான்னு அதுக்குத் தெரியட்டும்."

திரிசலா வெள்ளையில் வெட்டினாள். சுழிக்குள் இருந்த பொட்டுகளை, கழுத்து வலிக்க வலிக்க, ஒன்று விடாமல் எடுத்தாள். நெஞ்சுப் பக்கம் வைத்து, சூடு காட்டி, அழுத்தினாள். எங்கே அனுப்புவது என்று கேட்டதற்கு, இங்கேயே மாட்டி வை, புள்ளயோட அப்பன் வந்து வாங்கிக்குவான் என்றாள் பச்சையம்மாள். கவரில் போட்டு, மேலே தருமன் என்று மார்க்கரில் எழுதி, ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து வாங்காத சட்டைகள் தொங்குகிற கம்பியில் மாட்டினாள் திரிசலா. அந்தக் கம்பியில் கலைந்துபோன கபடி டீம் இருந்தது, நின்றுபோன ஒரு கல்யாணத்தின் மாப்பிள்ளைத் தோழர்கள் இருந்தார்கள், தோற்றுப்போன ஒரு வார்டு வேட்பாளர் இருந்தார். எதையும் எவரும் வந்து வாங்கியதில்லை. பச்சையம்மாள் போனபிறகு திரிசலாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. கடையை மூடும்போது இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போகிக்கு முந்தின நாள் கம்பியைக் காலி செய்தபோது அந்தக் கவரைக் காணோம். பச்சையம்மாளே மனசு மாறி எடுத்துப் போயிருப்பாள் என்று திரிசலா நினைத்தாள். கபடி டீமை மூட்டை கட்டினாள். மாப்பிள்ளைத் தோழர்களை மடித்துக்கொண்டிருந்தபோது வேலு வந்தான். வண்டியின் பின்பக்கம் கடையைப் பார்க்கிற மாதிரித் திருப்பி நிறுத்தினான்.

திரிசலா படியிறங்கி, கழுத்தை வளைக்க முடியாததால் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். தருமன் இளைத்துத்தான் இருந்தான், கருவளையமும் அப்படியே இருந்தது. அவன் காலரைப் பிடித்திருந்த கையில் மணிக்கட்டுவரை கிளிப்பச்சை. கொஞ்சம் பெரிய சட்டை, விளிம்பை ஒரு மடி மடித்துவிட்டிருந்தார்கள். பெண் கை மடித்த மடிப்பு, சுத்தமாக இருந்தது. குழந்தையின் நெஞ்சு அவன் தோளோடு ஒட்டியிருந்ததால் எழுத்து முழுசாகத் தெரியவில்லை, ஆரம்பத்து எழுத்தில் பாதி வெள்ளையாகத் தெரிந்தது. அது போதும். அந்தச் சுழியைத் திரிசலாவுக்குத் தெரியும்.

"சாவி உங்கிட்டதானேக்கா கீது?" என்றான் வேலு.

"என்கிட்டதான்."

"அப்போ வந்துதான் வாங்கிகினு போயிருக்கான்," என்றான் வேலு. சின்ன வயசிலிருந்து தெரிந்தவன் ஆரணி வரைக்கும் வந்துவிட்டுத் தன்னைப் பார்க்காமல் போனது அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு அலைய முடியாதுதான் என்று தானே சொல்லிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான்.

திரிசலா ஓனருக்குப் போன் போட்டு, காலி செய்யக் கொஞ்ச நாள் ஆகும் என்றாள். எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். ஒரு குழந்தை எவ்வளவு நாள் வளரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பட்டுக் கடை நாற்காலியை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இந்தப் பாடு இன்னும் முடியவில்லை என்று அலுப்பாகவும் இருந்தது, இரண்டில் அலுப்புதான் கனமாக இருந்தது. கபடி டீமைப் பிரித்து மறுபடி கம்பியில் மாட்டினாள்.

பச்சையம்மாள் மதியத்துக்குமேல் வந்தாள். பீரோவில் அவளும் பார்த்துவிட்டிருந்தாள். வழக்கமாக உட்கார்வது போல ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டினாள்.

"மடிச்சி வுட்டுருக்கா பார்த்தியா," என்றாள். "கை தெரிஞ்ச பொண்ணுதான். ஆனா புள்ளைங்க ஜல்தியா வளந்துடும்மா. அடுத்தத இப்பவே ஒரு அளவு பெருசா போட்டு வச்சிடு."

"இன்னா கலர்ம்மா போடட்டும்?" என்று கேட்டபடி திரிசலா சட்டைகளை எடுக்கத் திரும்பினாள்.

திரும்பிப் பார்த்தபோது பச்சையம்மாள், தலையில் கட்டிய துண்டோடு, வாய் லேசாகத் திறந்து குறட்டை வர, தூங்கிப்போயிருந்தாள். மகன் போன இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் தூங்கி ஒருவரும் பார்த்ததில்லை. திரிசலா அவளை எழுப்பவில்லை. மஞ்சளில் ஒன்றை எடுத்து, மெஷினைச் சூடேற்றினாள்.